நரம்பு தேடிய நாட்கள்

பிள்ளை பிறந்த வீட்டில் யார் ஜாடை, யார் நிறம், மூக்கு யாருடையது என்று பேசிக்கொள்வார்கள். எங்கள் பாப்பா பிறந்த முதல் மாதம் முழுக்க எங்களுக்குள் ஒரே பேச்சுதான் இருந்தது. நரம்பு கிடைத்ததா, கிடைக்கவில்லையா.

செஞ்சி பஜாரில் எனக்கு ஒரு தையல் கடை இருக்கிறது. போன மாதம் என்னிடம் பிளவுஸ் தைக்கக் கொடுக்கும் ஒரு பெண் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தாள். குறைமாதக் குழந்தை. "அக்கா, பாப்பாவுக்கு நெஞ்சு வரைக்கும் ஏதோ லைன் போடணுமாம், கையெழுத்து கேக்கறாங்க. போடட்டாக்கா?" என்று அழுதாள். அரை மணி நேரம் பேசினேன். போனை வைத்த பிறகு, இன்னும் எத்தனை பேர் இப்படிக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு முழிப்பார்களோ என்று தோன்றியது. அதனால்தான் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றவளுக்கு என்ன தெரியுமோ அதுதான் எனக்கும் தெரியும்.

என் பெயர் மகேஸ்வரி. வீட்டுக்காரர் பெயர் ஏழுமலை. அவர் பெயரைப் போட்டு எழுதலாமா என்று கேட்டதற்கு, "டிரிப் ஷீட்டுல தெனமும் நானே எழுதறேன், ஆயுசு ஒண்ணும் கொறையலியே" என்றார். செஞ்சிக்கும் மேல்மலையனூருக்கும் ஓடும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். அமாவாசை வந்தால் அவரை வீட்டில் பார்க்க முடியாது. அத்தனை கூட்டத்தையும் அங்காளம்மனிடம் கொண்டுபோய் இறக்கி, திரும்ப ஏற்றிக்கொண்டு வரவேண்டும்.

எனக்கு முதல் இரண்டு கருவும் தங்கவில்லை. மூன்றாவது தங்கியதும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவர் அம்மனிடம் போய் வேண்டிக்கொண்டு வந்துவிட்டார். பிறக்கும் பிள்ளையின் முதல் முடி அம்மனுக்கு, அதற்கு முன்னால் அந்தத் தலையில் யார் கையும் வைத்து ஒரு முடிகூட எடுக்கக்கூடாது. ஐந்தாம் மாதம்தான் எனக்கே சொன்னார். "மொதல்ல புள்ள வரட்டும், அப்பறமா முடிக்குக் கணக்கு வச்சிக்கலாம்" என்று சிரித்தேன். சிரித்திருக்க வேண்டாம் என்று பின்னால் பலமுறை நினைத்தேன்.

தீபாவளிக்கு முந்தைய மாதம் அது. கடையில் துணி மலையாகக் குவிந்திருந்தது. கால் வீங்கியது, மிஷினை மிதிக்கிறேன் அதனால் வீங்குகிறது என்றேன். தலை வலித்தது, தூக்கம் போதவில்லை என்றேன். தையல்காரிக்கு எல்லாவற்றையும் பிடித்துச் சரிசெய்துவிடலாம் என்ற திமிர் உண்டு. ஒரு நாள் ஊசியில் நூல் கோக்கும்போது கண் முன்னால் பொறி பறந்தது. நல்லவேளையாக என் நைனா அப்போது கடையில் இருந்தார். என்னைப் பெற்றவருக்கு அதிகம் பேச வராது. மிஷின் சுவிட்சை அணைத்தார், ஆட்டோ பிடித்தார், செஞ்சி அரசு ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் உட்காரவைத்தார். பிரஷரைப் பார்த்த நர்ஸ் என்னை நடக்கவே விடவில்லை. 108 வண்டியில் ஏற்றி, ஒரு மணி நேர தூரத்தில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அன்று சாயங்காலமே ஆபரேஷன். வயிற்றில் ஏழு மாதம்கூட முழுதாக முடியவில்லை. பெண் குழந்தை, ஒரு கிலோ இருபது கிராம்.

மூன்றாம் நாள்தான் என்னை வீல்சேரில் தள்ளிக்கொண்டுபோய்க் காட்டினார்கள். பச்சிளங் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு. கண்ணாடிப் பெட்டிக்குள் மூக்கில் காற்றுக்குழாயோடு என் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு முதுகு. ஒரு வெட்டு மிச்சத் துணியில் சட்டை தைத்தாலும் அவளுக்குத் தொளதொளவென்று இருந்திருக்கும். உடம்பில் சதை இல்லை, ஆனால் தலையில் மட்டும் கறுகறுவென்று முடி. எனக்குப் பயமாக இருந்தது. பெற்றவளுக்கு முதலில் பாசம்தான் வரும் என்கிறார்கள், எனக்குப் பயம்தான் வந்தது. தொட்டால் ஏதாவது ஆகிவிடுமோ என்று கையைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டேன்.

அப்போது அவளுக்குத் தொப்புள் வழியாக ஒரு குழாய் போயிருந்தது. கொடியை அறுத்த இடத்தில் இருக்கும் ரத்தக்குழாய் சில நாட்களுக்குத் திறந்தே இருக்குமாம், அந்த வழியாகத்தான் முதல் வாரம் எல்லாம் ஏற்றினார்கள். அதை ரொம்ப நாள் விட்டுவைக்கக் கூடாது, கிருமி சேரும். அதை எடுப்பதற்குள் வேறு இடம் பார்க்க வேண்டும் என்று டாக்டர் வெண்ணிலா எங்கள் இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். என் வயதை ஒத்தவர்தான். பேசும்போது காகிதத்தில் வரைந்துகொண்டே பேசுவார்.

"பாப்பாவுக்கு இப்போ பால் சொட்டுச் சொட்டாத்தான் குடுக்க முடியும். குடல் பழகணும். அதுவரைக்கும் சர்க்கரை, புரதம், கொழுப்பு எல்லாத்தையும் ரத்தத்துல நேரா குடுக்கறோம். அது கெட்டியான மருந்து. கையில இருக்கற சின்ன நரம்புல ஏத்தினா நரம்பே வெந்துடும். அதனால கால்லயோ கையிலயோ ஒரு நரம்புல நுழைஞ்சு, இதயத்துக்குப் பக்கத்துல இருக்கற பெரிய ரத்தக்குழாய் வரைக்கும் ஒரு குழாயைக் கொண்டுபோய் வைப்போம். அங்க ரத்தம் நிறைய ஓடுது, மருந்து கலந்து நீர்த்துடும்."

"இதயம் வரைக்குமா" என்று ஏழுமலை எழுந்தே விட்டார்.

"இதயத்துக்குள்ள இல்லீங்க, வாசல் வரைக்கும். சேமியா மாதிரி மெல்லிசா இருக்கும்."

பிறகு குழந்தை உருவம் ஒன்றை வரைந்து, எங்கெங்கே நுழையலாம் என்று புள்ளி வைத்தார். நான் பிளவுஸுக்குக் காகிதத்தில் அளவு வரைந்து டிராஃப்டிங் போடுகிற மாதிரியே இருந்தது. அதனால் எனக்குச் சட்டென்று புரிந்தது. கால் நல்ல இடம். உள் கணுக்காலில் தொடங்கும் நரம்பு நீளமானது, நேரானது, குழந்தை உதைத்தாலும் குழாயின் முனை அதிகம் இடம் மாறாது. கையில் போட்டால் வழி குட்டை, ஆனால் கையை மடக்கினால் முனை உள்ளே போகும், நீட்டினால் வெளியே வரும். தவிர, எங்கள் பாப்பாவின் இரண்டு கையிலும் ஊசி குத்தி ரத்தம் எடுத்தும் ஏற்றியும் அங்கங்கே நீலம் பாய்ந்திருந்தது. தொடை இடுக்கு ஈரம் படுகிற இடம், அழுக்கு சேரும். கழுத்து கடைசிப் பட்சம். தலையில் காதுக்கு மேலே நரம்பு கண்ணுக்கு நன்றாகத் தெரியும், ஆனால் முடியை எடுக்க வேண்டும், டேப் சரியாக ஒட்டாது.

"தலை வேணாம் மேடம்" என்றார் ஏழுமலை. வேண்டுதலைச் சொன்னார். டாக்டர் சிரிக்கவில்லை. "சரி, தலையைக் கடைசியில வச்சுக்கலாம். எனக்கும் முதல்ல கால்தான் வேணும்" என்று சொல்லி, தலையில் வைத்த புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

முதலில் இடது கால். ஒரு மணி நேரம் முயன்றார்கள். குழாய் முழங்கால் தாண்டவில்லை, அங்கேயே நின்றுவிட்டது. காலும் கன்றிப்போனது. மறுநாள் வலது கால். அன்று வெளியே நிற்க முடியாமல் கண்ணாடி ஓரம் போய் நின்றேன். ரெஜினா சிஸ்டர் என்று மூத்த நர்ஸ் ஒருவர், போ என்று சொல்லாமல் விட்டுவிட்டார். காகித டேப்பை எடுத்தார்கள். கணுக்காலில் வைத்து, முழங்கால், தொடை, தொப்புள் பக்கம் என்று உடம்போடு ஒட்டி நெஞ்சுக்குழி வரை அளந்தார்கள். இருபது சென்டிமீட்டர். ஒருவர் அளந்ததை இன்னொருவர் திரும்ப அளந்தார். அதைப் பார்த்ததும் எனக்குப் பாதி பயம் போய்விட்டது. வெட்டுவதற்கு முன்னால் இரண்டு தடவை அளக்கிறவர்களை நான் நம்புவேன்.

உள்ளே போனது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, துளி அதிகம் போயிருக்கிறது என்று கொஞ்சம் இழுத்தார்கள். மேலே கண்ணாடி மாதிரி ஒரு ஒட்டுத்தாள். உள்ளே ஊசி நுழைந்த புள்ளி நன்றாகத் தெரியும். தினமும் மூன்று ஷிஃப்டிலும் அந்தப் புள்ளியைப் பார்த்துக் குறித்துக்கொள்வார்கள்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் நல்லபடியாகப் போனது. தாய்மார்களுக்கென்று இருந்த அறையில் பாலைப் பிழிந்து கொடுத்துவிட்டுக் காத்திருப்போம். பக்கத்துக் கட்டிலில் மேல்சித்தாமூர் சாந்தி அக்கா. ஜைனக் குடும்பம், பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவார். தன் சாப்பாடு முடிந்ததும் என் தட்டைக் கழுவிவைத்து, "உன் ஊட்டு ஆளு கொண்டாந்தத நீ ஆற அமரச் சாப்டு, நான் போய் ரெண்டு புள்ளையையும் பாத்துட்டு வரேன்" என்று கிளம்புவார். என் குழந்தைக்கும் சேர்த்து அவர்தான் கண்ணாடி வழியாகக் காவல். நைனா தினமும் செஞ்சியிலிருந்து பஸ் ஏறி டிபன் கேரியர் கொண்டுவருவார். வீட்டில் அம்மா இல்லை, அதனால் சமையலும் அவருடையதே. சாம்பாரில் உப்பு இருந்தால் புளி இருக்காது. அரசு ஆஸ்பத்திரி என்பதால் பில்லைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை. கண்டக்டர் மாமனார் என்று பஸ்காரர்கள் நைனாவிடம் டிக்கெட்டும் கேட்கவில்லை.

அந்த வாரக் கடைசியில்தான் அப்பாக்களும் குழந்தையை நெஞ்சோடு வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். தோலோடு தோல் பட்டால் குழந்தைக்குச் சூடு கிடைக்கும், மூச்சும் சீராகும். ஏழுமலை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, சட்டையைக் கழற்றி, அவர்கள் கொடுத்த அங்கியை மாட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். பாப்பாவை அவர் நெஞ்சில் வைத்துத் துணியால் மூடினார்கள். அவளுடைய வலது கால் மட்டும் வெளியே தெரிந்தது. நெரிசலில் ஆயிரம் பேருக்கு நடுவே விசில் ஊதும் மனிதர், அரை மணி நேரம் இருமக்கூட இல்லை.

கண்டக்டர்கள் ரூபாய் நோட்டை மடித்து விரல் இடுக்கில் செருகிக்கொள்வார்கள், பார்த்திருப்பீர்கள். அன்று கழுவி முடித்த பிறகு, எங்கிருந்தோ மடித்த பஸ் டிக்கெட் ஒன்று அவருடைய இரண்டு விரலுக்கு நடுவே வந்துவிட்டது. நான் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். துணியின் ஓரமாக அவர் கை நகர்ந்து பாப்பாவின் கணுக்காலுக்குப் போனதைப் பார்த்தேன். கை திரும்பி வந்தபோது விரல் நுனி சாம்பல் நிறமாக இருந்தது. மேல்மலையனூர்த் திருநீறு என்று எனக்குப் பார்த்தவுடனே தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காலை பாப்பா இரண்டு தடவை மூச்சு விட மறந்தாள். குறைமாதக் குழந்தைகளுக்கு அது நடக்கும், உடம்பைத் தட்டினால் திரும்ப மூச்சு வரும். ஆனால் இவளுக்கு இத்தனை நாளாக இல்லாதது புதிதாக வந்ததால் உடம்பு முழுக்கப் பார்த்தார்கள். கணுக்காலில் புள்ளியைச் சுற்றிச் சிவந்திருந்தது. ஒட்டுத்தாளின் ஓரம் பிரிந்து, அதற்குள் சாம்பல் தூள்.

ரெஜினா சிஸ்டர் வெளியே வந்து எங்கள் இருவரையும் பார்த்தார். "யாரு வச்சது?"

"நான்தான் சிஸ்டர்" என்றார் ஏழுமலை. ஒளிக்கவே தெரியாத மனிதர். "ஓரம் லேசா பிரிஞ்சிருந்துச்சு. அங்க வச்சேன். வலிக்கிற எடத்துல வச்சாத்தானே கேக்கும்."

சிஸ்டர் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் அலுப்போடு சொன்னார். "என்கிட்ட கேட்டிருந்தா பெட்டிக்கு வெளிய பொட்டலமா ஒட்டிவச்சிருப்பேனே தம்பி. உள்ள போய்ப் பாரு. மாதா படம் இருக்குது, தர்கா கயிறு இருக்குது, ஒன்னோட அம்மனும் அங்க ரெண்டு பேரு பெட்டியில இருக்குது. எல்லாத்தையும் நான்தான் ஒட்னேன்."

குழாயை எடுத்துவிட்டார்கள். ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்க மாதிரி எடுத்து அனுப்பினார்கள், தெரிய இரண்டு நாளாகும். "இதனாலதான் வந்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார் டாக்டர் வெண்ணிலா. "எவ்வளவு சுத்தமா வச்ச லைன்லயும் வரும். ஆனா இதை இனிமே விட்டுவைக்க முடியாது."

அவர்கள் திட்டாமல் விட்டதை நான்தான் விடவில்லை. நடைபாதையில் அத்தனை பேர் பார்க்க ஏழுமலையைப் பிடித்துக்கொண்டேன். "யோவ், அத்தினி கஷ்டப்பட்டு ஒரு நரம்பக் கண்டுபுடிச்சிக் குடுத்தா அதுல போய் மண்ணப் போட்டுட்டியே. இன்னாய்யா மனுசன் நீ. ஒனக்குப் புள்ள வேணுமா, பிரார்த்தன வேணுமா?" வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நைனா கேரியரைக் கீழே வைத்துவிட்டு, "போதும்மா" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

அடுத்த இரண்டு நாளைத்தான் நான் மறக்கவே மாட்டேன். கையில் சாதாரண டிரிப் போட்டார்கள். சில மணி நேரத்தில் வீங்கிவிடும். பிடுங்கிவிட்டு வேறு இடம். அதுவும் வீங்கும். கெட்டியான சத்துமருந்தை அதில் ஏற்ற முடியாது என்பதால் தண்ணீர் மாதிரி நீர்த்ததைத்தான் ஏற்றினார்கள். எடை இறங்கியது. குதிகாலில் குத்திச் சர்க்கரை பார்க்கும்போதெல்லாம் கீழே இருக்கிறது, கீழே இருக்கிறது என்றார்கள். குத்துகிற வலிக்குக்கூட அவள் அழவில்லை, முகத்தை மட்டும் சுருக்கினாள். அழுவதற்கும் தெம்பு வேண்டுமே.

இரண்டாம் நாள் மத்தியானம் டாக்டர் கூப்பிட்டார். ரத்தத்தில் எதுவும் வளரவில்லை, அது நல்ல செய்தி. புதிய லைன் போடலாம். ஆனால் இடது காலில் முயன்று கன்றியாகிவிட்டது, வலது கால் ஆற வேண்டும், கைகள் இரண்டும் முடிந்துவிட்டன. பழைய காகிதத்தை எடுத்து, வட்டம் போட்ட புள்ளியைத் தொட்டார்.

"வலது காதுக்கு மேல நல்ல நரம்பு ஒண்ணு இருக்குது. இப்ப ஓடற டிரிப் சாயங்காலம் வரைக்கும்கூடத் தாங்காது. பேசிட்டு சீக்கிரம் வந்து சொல்லுங்க. மகேஸ்வரி, நீங்க ஒருத்தர் கையெழுத்துப் போட்டாலே போதும்."

காகிதத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். வெளியே ஒரு புங்கமரம் உண்டு, நோயாளிகளின் வீட்டார் துண்டு காயப்போடும் இடம். அவர் அதன் கீழே உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். நான் சண்டை போட்ட பிறகு அவரிடம் பேசியது அப்போதுதான்.

அவர் காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பிறகு சொன்னார். "ஒரு தப்பு பண்ணேன், கால் போச்சு. இப்ப குடுத்த வாக்கும் போச்சுன்னா, அப்பறம் அம்மன்கிட்ட எந்த மூஞ்ச வச்சிக்கினு புள்ளையக் கேக்கறது மகேசு? எனக்கு பயமா இருக்குது. ரெண்டு புள்ளைய ஏற்கெனவே எடுத்துக்கிட்டா."

நானே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். பேனா என் கையில்தான் இருந்தது. ஆனால் பிறகு அந்தக் குழந்தைக்குச் சளி பிடித்தால்கூட இந்த மனிதர் அந்த முடியைத்தான் நினைப்பார், தன்னைத்தான் நொந்துகொள்வார். அவ்வளவையும் அவர் ஒருவர் தலையில் ஏற்றியது யார் என்று எனக்குத் தெரியும்.

"நானும் பாத்தேன்" என்றேன்.

"இன்னாத்த?"

"அன்னிக்கு நீ தின்னூறு வச்சத. கண்ணாடிக்கு வெளிய நின்னு பாத்துக்கினுதான் இருந்தேன். சிஸ்டரு ரெண்டடி தூரத்துல இருந்தாங்க, ஒரு வார்த்த சொல்லியிருந்தா உடனே தொடச்சிருப்பாங்க. நான் சொல்லல. எனக்கும் அது அங்க இருக்கட்டும்னுதான் இருந்துச்சு. அப்பறம் ஊரு கூட்டி ஒன்ன மட்டும் திட்டனேன்."

அவர் என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன், பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும். ஆபரேஷன் தையல் இழுக்க இழுக்க அந்த மரத்தடியில் உட்கார்ந்து அழுதேன். பாப்பா பிறந்த பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து அழுதது அதுவே முதல் தடவை.

"நீ கேட்டியே, புள்ள வேணுமா பிரார்த்தன வேணுமான்னு" என்று எழுந்தார். "புள்ளதான் வேணும். அவளும் புள்ள பெத்தவதானே, வந்து கேக்கட்டும், சொல்லிக்கறேன். வா போலாம்." காகிதத்தை என் கையிலிருந்து வாங்கி, ஓடும் பஸ்ஸில் எழுதிப் பழகிய மாதிரி உள்ளங்கையில் வைத்து அவரே முதலில் கையெழுத்துப் போட்டார். கீழே நான் போட்டேன்.

வார்டுக் கதவருகே ரெஜினா சிஸ்டர் ஒரு தட்டில் எல்லாவற்றையும் எடுத்து வைத்திருந்தார். தட்டில் கத்தியும் இல்லை, பிளேடும் இல்லை. சின்னதாக ஒரு கத்தரிக்கோல் மட்டும்.

"செரைக்க மாட்டீங்களா" என்று கேட்டேன்.

"சின்னக் கீறல் விழுந்தாலும் அதுல கிருமி போயிடும். நாங்க கத்தி வைக்கறதே இல்ல. ரெண்டு விரலு அகலத்துக்கு ஒட்ட நறுக்குவோம், அவ்ளோதான். மீதி முடி அப்படியேதான் இருக்கும், ஒங்க அம்மனுக்குத் தாராளமா மிச்சம் இருக்கு." பிறகு ஏழுமலை பக்கம் திரும்பினார். "நறுக்குன முடிய எடுத்து வைக்கட்டா தம்பி? ஒன்ன மாதிரி நாலு பேரு கேப்பாங்க."

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு டிக்கெட்டை எடுத்து நீட்டினார். சிஸ்டர் அதை அங்கேயே கதவுக்கு வெளியே பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் பஞ்சுத் துணியில் சுற்றி ஒரு துளி முடி வந்தது. அதை டிக்கெட்டில் மடித்து, சில்லறைப் பையின் உள்ளறையில் வைத்துக்கொண்டார்.

இந்தத் தடவை ஒரே குத்தில் கிடைத்தது. காதுக்கு மேலே தொடங்கி, கழுத்து வழியாக இறங்கி, நெஞ்சு வாசல் வரை. எக்ஸ்ரேயில் முனை சரியான இடத்தில் நின்றது. டேப் ஒட்டவில்லை என்று சிஸ்டர் வலைத்துணியில் ஒரு தொப்பி மாதிரி செய்தார். விளிம்பு பிசிறடித்தது. என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அளவு வாங்கிக்கொண்டு, நைனாவிடம் சொல்லி வெள்ளைப் பருத்தித் துணி வரவழைத்து, காதோரம் திறப்பு வைத்து, குழாய் நுழையும் புள்ளியை மூடாமல் நான்கு தொப்பிகள் கையாலேயே தைத்துக் கொடுத்தேன். அவர்கள் அதைச் சுத்தம் செய்து போட்டுவிட்டார்கள். ஒன்றும் செய்ய முடியாமல் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்த என் கைகளுக்கு அன்றுதான் வேலை கிடைத்தது. அந்த வார்டிலிருந்து இன்றைக்கும் அளவு சொல்லி அனுப்புகிறார்கள், நானும் தைத்து அனுப்புகிறேன்.

அந்த லைன் பதினெட்டு நாள் இருந்தது. பால் சொட்டிலிருந்து ஸ்பூனுக்கு வந்தது, ஸ்பூனிலிருந்து பாலாடைக் கிண்ணத்துக்கு வந்தது. ஒரு கிலோ இருநூறு ஆனபோது சாந்தி அக்கா பொழுது சாய்ந்ததையும் மறந்து ஒரு வில்லை கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டார், பிறகு துப்பிவிட்டார். பாப்பா முழுப்பாலும் குடிக்கிறாள், இனி லைன் வேண்டாம் என்று ஒரு நாள் காலை ரெஜினா சிஸ்டர் மெதுவாக இழுத்து எடுத்தார். முழுசாக வந்துவிட்டதா என்று அதையும் டேப்பில் வைத்து அளந்தார். போட்ட நீளமும் வந்த நீளமும் ஒன்றுதான்.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது இப்போது அந்தக் கண்ணாடிக்கு வெளியே நின்றால், ஒன்றுதான் சொல்வேன். எதற்காக, எந்த இடத்தில், ஏன் அந்த இடம் என்று டாக்டரிடம் கேளுங்கள். வரைந்து காட்டச் சொல்லுங்கள். அவர்களுக்குத் தெரியாமல் எதையும் உள்ளே கொண்டுபோகாதீர்கள், உங்கள் சாமியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சிஸ்டரிடம் கொடுத்தால் பெட்டிக்கு வெளியே ஒட்டிவைப்பார்.

பாப்பாவுக்கு யாழினி என்று பெயர். பதினோராவது மாதம் மேல்மலையனூர் போனோம், அவர் பஸ்ஸிலேயே, முன் சீட்டில். மொட்டை போடுகிறவர் பாப்பாவின் தலையைத் தடவிப் பார்த்து, "இன்னா இது, வலப் பக்கம் முடி கொஞ்சம் கட்டையா இருக்குதே" என்றார். ஏழுமலை சில்லறைப் பையைத் திறந்து, ஓரம் நைந்துபோன டிக்கெட்டை எடுத்து நீட்டினார். "மீதி இதுல இருக்குது. இதையும் சேத்துப் போடு." பத்து மாதம் அத்தனை டிரிப்பிலும் அது அவரோடு வந்திருக்கிறது. முடி இறங்கியது. அவள் ஊரைக் கூட்டி அழுதாள். அழ அழ எனக்குச் சிரிப்பு வந்தது, இவ்வளவு தெம்பு இருக்கிறதே என்று.

சன்னதியில் பூசாரி திருநீறு கொடுத்தார். ஏழுமலை வழக்கம்போல அதை ஒரு டிக்கெட்டில் மடித்து விரல் இடுக்கில் செருகிக்கொண்டார். வெளியே வந்ததும் பாப்பாவை என்னிடம் கொடுத்துவிட்டு, பொட்டலத்தை நைனாவின் கையில் வைத்துவிட்டு, குழாயடிக்குப் போனார். சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டு சோப்பை எடுத்தார். உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, நகக்கண், கட்டைவிரல், மணிக்கட்டு என்று முழங்கை வரை தேய்த்துக் கழுவினார். வார்டு சுவரில் படம் போட்டு ஒட்டியிருந்த அதே வரிசை. பின்னால் குடத்தோடு நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவர் துடைக்கவில்லை. இரண்டு கைகளையும் மேலே தூக்கிக் காயவிட்டபடியே எங்களிடம் வந்தார்.

பாப்பாவின் வலது கணுக்காலில் கடுகளவு ஒரு தழும்பு இருக்கிறது. அந்த இடத்தில் ஒரு விரல் திருநீற்றை வைத்தார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இந்தத் தடவையும் வாயைத் திறக்கவில்லை.